பவுர்ணமி முடிந்தால் வியாபாரமும் முடிந்ததா? திருவண்ணாமலை கடைக்காரர்களுக்குக் கைகொடுக்கும் செல்போன்!

திருவண்ணாமலை, பவுர்ணமி என்றால் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையும் களை கட்டும். மறுநாள் ஈ ஓட்ட வேண்டியதுதான்!

வெளியூர்க்காரர்கள் இப்போது செல்போனில் தேடிப் பார்த்துத்தான் கடைக்கு வருகிறார்கள். கூகுள் மேப்பில் கடை பெயர், திறக்கும் நேரம், போன் நம்பரைப் பதியக் காசு கிடையாது. 2018-ல் இந்தியாவுக்கு வந்த 'வாட்ஸ்-அப் பிசினஸ்' செயலியும் இலவசம்தான். ஜவ்வாது மலைத் தேனும் சாமையும் விற்பவர், ஊர் திரும்பிய பக்தருக்கும் பார்சல் அனுப்பலாம்.

ஆனால், ஒன்றையே நம்பினால் ஆபத்து! 2020 ஜூன் மாதம் 'டிக்-டாக்' தடை செய்யப்பட்டது. அதையே நம்பி இருந்தவர்கள் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் போச்சு.

எனவே, வாடிக்கையாளரிடம் கேட்டு அவர் நம்பரை நோட்டிலும் எழுதி வையுங்கள். விலையில் நாணயம் இருக்கணும். ஏமாந்தவர் எழுதினால் ஊரே படிக்குமே!