நாற்காலியை வட்டமாகப் போட்டுவிட்டால் போதுமா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலூர்ப் பக்கத்திலிருந்து கிரிவலம் போகிற கூட்டம் போளூரைத் தாண்டித்தான் திருவண்ணாமலைக்குப் போகிறது. டீக்கு இறங்குவார்கள், சம்பத்கிரி மலையை ஒரு பார்வை பார்ப்பார்கள், ஏறிவிடுவார்கள். பக்கத்தில் திருமலையில் பாறையோடு பாறையாக 16 அடி உயரத்தில் நேமிநாதர் நிற்கிறார்; குந்தவை பெயரில் ஒரு ஜினாலயமும் அங்கே இருக்கிறது. ஆரணிப் பக்கம் திரும்பினால் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று பட்டுத்தறி ஓடுகிற ஊர்கள். இதையெல்லாம் கோத்து ஒரு சுற்றுலா ஆக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். 2021இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு தேர்ந்தெடுத்த பிறகு, தறி உள்ள ஊருக்கெல்லாம் அந்த ஆசை வருவதில் தப்பில்லை.

அடுத்து வருகிற வாக்கியத்தில்தான் எனக்குச் சண்டை. “எல்லாரையும் கூப்பிட்டு ஒரு பயிலரங்கு வைப்போம்.” கூடி உட்கார்ந்து பேசிவிட்டாலே அது கூட்டு முயற்சி ஆகிவிடும் என்று அதிகாரி, தொண்டு நிறுவனம், கல்லூரிப் பேராசிரியர் எல்லாரும் மனதார நம்புகிறார்கள். மனதார நம்புவதுதான் ஆபத்து.

அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபம், வட்டமாகப் போட்ட நாற்காலி, சுவரில் சார்ட் பேப்பர், கையில் வண்ணச் சீட்டு. உங்கள் ஊரைப் பற்றிய கனவை எழுதுங்கள் என்பார்கள். லாட்ஜ்காரர் வந்திருப்பார், வேன் வைத்திருப்பவர் வந்திருப்பார், நாலைந்து பட்டு முதலாளிகள் வந்திருப்பார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற நெசவாளிக்கு ஒரு நாள் தறியை நிறுத்தினால் அந்த நாள் போனது போனதுதான். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் அதை ஈடுகட்டாது. அப்படியும் ஒருவர் வந்துவிட்டால், தனக்குப் பாவு கொடுக்கிற முதலாளிக்கு எதிர் நாற்காலியில் அவர் உட்கார வேண்டும். முன்பணம் வாங்கியிருப்பார், அது தீர்ந்திருக்காது. கூலி கட்டவில்லை என்றா சீட்டில் எழுதுவார்? “நல்ல ரோடு வேண்டும்” என்று எழுதுவார். அதை மஞ்சள் சீட்டு வரிசையில் ஒட்டிவிட்டு எல்லாரும் கைதட்டுவார்கள்.

மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார் ஷெரி ஆர்ன்ஸ்டைன், 1969இல். அமெரிக்க நகரங்களைப் பார்த்து எழுதியது அது. அதில் கருத்துக் கேட்பது நாலாவது படிதான்; கேட்டதோடு நிறுத்துவதை அவர் ஒப்புக்குச் செய்கிற வகையில் சேர்த்தார். நம் ஊர்ப் பேச்சில் ஒப்புக்குச் சப்பாணி.

பேசாமல் இருப்பதற்கு இதாவது மேல் இல்லையா என்பார்கள். இல்லை. பேசாமல் விட்டிருந்தால், எங்களை யாரும் கேட்கவில்லை என்று நாளைக்கு நெசவாளி வாயைத் திறக்கலாம். கூட்டம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் அந்த வாயும் அடைபட்டுப் போகும். மக்களைக் கேட்டுத்தானே செய்தோம் என்று வருகைப் பதிவேட்டை நீட்டுவார்கள்.

கேரளத்திலும் கூட்டம்தான் போட்டார்கள். பொறுப்புச் சுற்றுலா என்ற பேச்சு அங்கே 2007இல் ஆலோசனைக் கூட்டமாகத்தான் தொடங்கியது. ஆனால் குமரகத்தில் அது ரொம்பச் சின்னக் கேள்வியாக இறங்கியது: இங்கே விளைகிற காய்கறியை இங்குள்ள ரிசார்ட்டுகள் வாங்குமா, என்ன விலைக்கு? 2008இல் வாங்கத் தொடங்கினார்கள். ஊராட்சி இருந்தது, குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் இருந்தார்கள், விலை பேச ஒரு குழு இருந்தது. அங்கே கனவை எழுதியவர்களை விடக் காயை எடை போட்டவர்கள்தான் முக்கியம்.

போளூர்ப் பக்கம் அந்தச் சின்னக் கேள்வி எது? வருகிறவர்கள் நெசவாளியிடமே நேராகச் சேலை வாங்கலாம் என்று எல்லாத் திட்டத்திலும் எழுதியிருப்பார்கள். எந்தச் சேலையை? கூலிக்கு நெய்கிறவர் தறியில் ஓடுகிற பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது; கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்தால் சங்கம் கொடுத்தது. அறுத்து மடித்த சேலையை அவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். விற்பதற்கு அவரிடம் சேலையே இல்லை! பட்டு வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் மண்டபத்துச் சுவரில் ஒட்டப்படாமலே போகும். தெரிந்தவர் வரவில்லை, வந்தவர் சொல்லவில்லை.

அவரிடம் விற்க இருப்பது அவருடைய நேரம். நாலு பேர் குழித்தறியைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கும் அரைமணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? வழிகாட்டியா, வேன்காரரா, வந்தவரா? தார் சுற்றிக் கொடுக்கிற மனைவியின் உழைப்பு இன்றைக்கே தனிக் கணக்கில் வருவதில்லை. வந்தவர்களுக்குக் காபி போடுவதும் அதோடு சேர்ந்துவிடுமா? பக்கத்துக் கடையில் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று தள்ளிவிட்டால் கேட்பது யார்? கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பார்க்க வருகிறவருக்குச் சேலையைத் தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்லத் தெரியாது.

கூட்டம் போடத்தான் வேண்டும் என்றால் இந்தக் கேள்விகளோடு போடுங்கள். மண்டபத்தில் வேண்டாம், தறி இருக்கிற தெருவில், ஒரு திண்ணையில். ஐப்பசி மழையில் குழியில் ஈரம் ஏறித் தறி நிற்கிற நாட்கள் இருக்கின்றன. அப்போது வாருங்கள், அப்போதும் அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுங்கள். முதலில் நெசவாளிகள் மட்டும், அப்புறம் தார் சுற்றுகிற பெண்கள் மட்டும். முதலாளிகளை மூன்றாவதாகக் கூப்பிட்டால் போதும். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை, அவர்கள் எதிரில் பேச்சு எழாது என்பதற்காக.

வேண்டாம் என்று சொல்லவும் அந்தத் திண்ணையில் இடம் இருக்க வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பாவை நீட்டிப் பிடிப்பது தெருவில்தான். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடையாது. சுற்றுலா வேன் வந்து நிற்பதற்கு அகலமாக இருப்பதும் அதே தெருதான்.