இரண்டு பிள்ளைகள், ஒரு மடி!

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர் வரும். சின்ன ஊர், பெரிய பழமை. மதுரைக்குப் போகும் வழி இங்கே மூன்றாகப் பிரிகிறது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எந்த வழியில் போனால் என்ன வரும் என்று கோவலனுக்கு ஒரு மறையவன் எடுத்துச் சொன்ன இடம் அந்தக் கதையில் வருகிறது.

இந்தக் காலத்திலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு நேரம் வருவது உண்டு. நள்ளிரவு. எட்டாம் மாதம். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். வலி எடுத்துவிட்டது. மணப்பாறைக்குப் போவதா? புதுக்கோட்டைக்கா? திருச்சிக்கா? 108க்குச் சொல்கிறார்கள். வண்டி வருகிறது. பொழுது விடிவதற்குள் இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிடுகின்றன. ஒன்று 1,400 கிராம். மற்றொன்று 1,200 கிராம். நர்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார். கதவு மூடிக்கொள்கிறது.

தாய் கட்டிலில். தந்தை வராந்தாவில். பாட்டி படிக்கட்டில். பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம்.

அந்தக் கதவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தாயின் குற்றமா?

37 வாரம் முடிவதற்கு முன்னால் பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் நம் இந்தியாவில். ஒரு பிள்ளைக்கு உள்ள இடத்தில் இரண்டு, மூன்று வளரும்போது கருப்பை சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ஆகவே இரட்டைப் பிள்ளைகள் முன்னதாகவே பிறப்பது சாதாரணம்.

ஆனால் ஊர் என்ன சொல்கிறது? “இரட்டை வாழைப்பழத்தைத் தின்றாள்” என்கிறது. “ராசி இல்லாதவள்” என்கிறது. அறுத்துப்போட்ட வயிற்றோடு படுத்திருப்பவளின் காதில் விழும்படியே சொல்கிறது! அவளும், “என்னால்தானே இப்படி ஆயிற்று?” என்று அழுகிறாள்.

இது அவள் குற்றம் அல்ல. வாழைப்பழத்தின் குற்றமும் அல்ல. “ஏழு மாதத்துப் பிள்ளை தப்பும், எட்டு மாதத்துப் பிள்ளை தப்பாது” என்பதும் வெறும் பேச்சு. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே. அதனால்தான் இரட்டைக் கரு என்று தெரிந்தவர்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை வலி வருமுன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துவிட வேண்டும். சீக்கிரம் போனால், பிள்ளைகளின் நுரையீரல் பலப்படுவதற்குத் தாய்க்கே ஊசி போட நேரம் கிடைக்கும்.

ஜனாதிபதி வீட்டுப் பிள்ளை

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். அந்த நாட்டிலே மிகச் சிறந்த டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். பணத்துக்குக் குறைவா? அதிகாரத்துக்குக் குறைவா? ஆனாலும் நுரையீரல் விரியவில்லை. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது.

அன்று உலகின் பெரிய வீட்டுக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று ஏழை வீட்டுக்குக் கிடைக்கிறது. அந்தக் குழந்தையைவிடச் சிறிய குழந்தைகள் நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிழைத்து வீடு திரும்புகின்றன. பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மூச்சுக்குக் கருவி உண்டு. சூட்டுக்குக் கருவி உண்டு. நுரையீரலுக்கு மருந்தும் உண்டு. 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாம் இலவசம் என்று மத்திய அரசாங்கமே திட்டம் போட்டது.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரிவுக்குள் தாய்க்கு இடம் உண்டா?

பெற்றோரைத் தள்ளிவைத்த கதை

1934ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி கனடா நாட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண்கள் பிறந்தார்கள். டியோன் சகோதரிகள் என்று உலகம் முழுவதும் பெயர் பரவியது. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவர்கள். ஐவரையும் சேர்த்து நிறுத்தால் 6 கிலோ! கூடையில் படுக்கவைத்து, அடுப்பின் அருகே வைத்து, வெந்நீர் வைத்துக் காத்தார்கள். ஐவரும் பிழைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. “பெற்றோருக்கு இவர்களை வளர்க்கத் தெரியாது” என்று அரசாங்கமே பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு எதிரிலேயே ஓர் ஆஸ்பத்திரி கட்டி, அதில் வைத்து வளர்த்தது. லட்சக்கணக்கானவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பெற்ற தாயோ, அயலாள்போல வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. சுமார் 9 ஆண்டு கழித்து, 1943இல் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். 1998இல், உயிரோடு இருந்த மூன்று சகோதரிகளுக்கு அரசாங்கம் 40 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது. அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தப் பணம் திருப்பிக் கொடுக்கும்?

உயிரைக் காப்பாற்றுவது ஒன்று; பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது வேறொன்று. முன்னதைச் செய்யப் பின்னதைச் செய்யத்தான் வேண்டும் என்று உலகம் வெகுநாள் நம்பியிருந்தது. அது தவறு.

மார்பே தொட்டில்

அது தவறு என்று முதலில் காட்டியது பணக்கார நாடு அல்ல. தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு. அதன் தலைநகர் பொகோட்டா. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் போதிய இன்குபேட்டர் இல்லை. ஒரே பெட்டியில் பல பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது. 1978இல் எட்கர் ரே என்ற டாக்டர், “பெட்டி இல்லாவிட்டால் என்ன? தாயின் மார்பு இருக்கிறதே!” என்று எண்ணினார். துணி போடாத பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திவைத்து, மேலே துணியால் கட்டச் சொன்னார். கங்காரு தன் பையில் குட்டியைச் சுமப்பதுபோல! அதுதான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லும் கங்காரு பராமரிப்பு.

இது ஏழைகளுக்கான சமாளிப்பு மட்டும்தானா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தது. இந்தியாவில் இது நடந்த இடம் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. உடல்நிலை தேறிய பிறகே மார்பில் வைத்த குழந்தைகளில் 100க்கு சுமார் 16 இறந்தன. பிறந்தது முதலே மார்பில் வைத்த குழந்தைகளில் 100க்கு 12 இறந்தன. நூற்றுக்கு நான்கு உயிர்! “தாய் உள்ளே வந்தால் கிருமி வரும்” என்று பயந்தார்களே, அந்தக் கிருமி நோயும் குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதையே எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை மார்பில் வைக்க வேண்டும் என்றும் சொன்னது.

அப்பாவின் மார்பும் மார்புதான்

இங்கேதான் இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கஷ்டம் வருகிறது. பிள்ளை இரண்டு, மடி ஒன்று. இதைவிட்டு அதை எடுப்பதா? அதைவிட்டு இதை எடுப்பதா?

அப்பா எதற்கு இருக்கிறார்? அவருக்கும் மார்பு இருக்கிறது. அதிலும் சூடு இருக்கிறது. ஒன்று தாயிடம், மற்றொன்று தந்தையிடம். மறுவேளை மாற்றிக்கொள்ளலாம். பாட்டி சுமக்கலாம். அத்தை சுமக்கலாம். “ஆம்பிளை பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா?” என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். “பதினாறு நாள் தீட்டு” என்று யாராவது தடுத்தால், பிள்ளையின் உயிர் பதினாறு நாள் காத்திருக்குமா என்று கேளுங்கள்.

உள்ளே போகுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நகத்தை வெட்டுங்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜலதோஷம், காய்ச்சல் உள்ளவர்கள் போகாதீர்கள். ஒரு பிள்ளையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் மறு பிள்ளையைத் தொட வேண்டும்.

பால் ஒரு மருந்து

இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு உறிஞ்சத் தெரியாது. குழாய் வழியாகத்தான் பால் போகும். அந்தப் பாலைத் தாய்தான் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறை. முதலில் சில சொட்டுகளே வரும். பதற வேண்டாம். மஞ்சளாக வரும் சீம்பால் ஒவ்வொரு சொட்டும் மருந்து. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கூடாது. தாய்க்குப் போதிய பால் வராவிட்டால், தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள். 1989இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இப்போது இருக்கிறது.

தாயைச் சாப்பிட வைப்பதும் தூங்க வைப்பதும் வீட்டார் வேலை. அவள் பட்டினி கிடந்தால் மூன்று உயிர் பட்டினி!

ஒப்பிடாதீர்கள்

ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வேகமாகத் தேறும். மற்றொன்று தயங்கும். முதல் சில நாட்களில் இரண்டுக்கும் எடை குறையும், பிறகு ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டுப் போடுங்கள். இன்று எடை என்ன, பால் எவ்வளவு, மூச்சு எப்படி என்று தினமும் டாக்டரைக் கேட்டு எழுதுங்கள். ஒன்று ஆணாகவும் ஒன்று பெண்ணாகவும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேறாதது பெண் பிள்ளை என்றால், “விதிப்படி ஆகட்டும்” என்று சிலர் கைவிடுவது உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டைச் சீமையில் அப்படி ஒரு பேச்சு எழலாமா?

ஒரு பிள்ளையை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் மிகக் கடினமான நாள். வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. அப்போது உறவினர்கள் முறை வைத்துக்கொண்டு உதவ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கண் பரிசோதனையை மறக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் ஒரு கோளாறு வரும், வெளியே தெரியாது. பிறந்த 30 நாட்களுக்குள், மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே, காட்டினால் பார்வையைக் காப்பாற்றலாம். காதையும் சோதிக்க வேண்டும்.

சில வீடுகளில் ஒன்று தங்கும், ஒன்று தங்காது. “ஒன்றாவது மிஞ்சியதே” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அந்தத் தாய் ஒரே நாளில் அழவும் வேண்டும், கொஞ்சவும் வேண்டும். இரண்டுக்கும் அவளுக்கு இடம் கொடுங்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பாருங்கள். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் இரண்டு தேவியர் பெயராலும் மூன்று கோயில் எடுத்தான். இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே இருக்கிறது. ஆனாலும் ஊர் அதை இரண்டு கோயில் என்று சொல்வதில்லை. மூவர் கோயில் என்றே சொல்கிறது.

கதவைத் திறவுங்கள்

பெற்றோரையும் சேர்த்துக்கொண்டே குழந்தையைப் பேண வேண்டும் என்று 2017இல் மத்திய அரசாங்கம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே உள்ளே வர அனுமதி கேட்பது சலுகை கேட்பது அல்ல. நர்ஸ்களின் வேலைச் சுமை நமக்குத் தெரியும். பழக்கிவிட்ட தாய் அந்தச் சுமையைக் குறைப்பாள், கூட்டமாட்டாள்.

மூன்று காரியங்களை எல்லா ஆஸ்பத்திரிகளிலும் செய்ய வேண்டும். ஒன்று: பிள்ளைகள் உள்ளே இருக்கும்வரை தாய்க்குக் கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே கொடுக்க வேண்டும். இரண்டு: பிள்ளைகளை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், முடிந்த வரையில் தாயையும் கூடவே அனுப்ப வேண்டும். மூன்று: இரட்டைப் பிள்ளைகள் என்றால், தாயோடு இன்னொருவரையும் உள்ளே விட வேண்டும். ஏனென்றால் மடி ஒன்றுதான்!

உத்தியோகம் பார்க்கும் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். நாற்று நடுகிறவளுக்கு அந்த விடுமுறை இல்லை. அவள் புருஷனும் ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதை ஈடு கட்ட அரசாங்கமும் ஊரும் யோசிக்க வேண்டும்.

நள்ளிரவில் வழி தெரியாமல் நின்ற குடும்பத்துக்கு 108 வண்டி வழி காட்டிவிட்டது. டாக்டர் உயிர் காட்டிவிட்டார். இனி மீதி இருப்பது அந்த ஒரு கதவு. அதைத் திறந்துவிட்டால், மீதியைத் தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்வார்கள்.