விசைப்பலகை இல்லாத கணினி

மலிவு விலை மேசைக் கணினியை விசைப்பலகை, மவுஸ் இல்லாமல் வெறும் பெட்டியாக விற்பது முதன்முறை வாங்குகிறவருக்கு அநியாயம். 2005-இல் ஆப்பிள் 'மேக் மினி'யை 499 டாலருக்கு அப்படித்தான் விற்றது. ஏற்கெனவே கணினி வைத்திருந்தவர்களை இழுக்கும் கணக்கு அது. சிங்கப்பெருமாள் கோயிலில் பிள்ளையின் படிப்புக்காக முதல் கணினி வாங்கும் குடும்பத்தில் பழைய விசைப்பலகை ஏது? விலை கட்டுப்படியாகாது என்பதும் சாக்குதான். 2020-இல் வந்த ராஸ்பெர்ரி பை 400, விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கி 70 டாலருக்குக் கிடைத்தது. இருப்பதையே மறுபடி கொடுத்தால் மின்கழிவு பெருகும் என்பார்கள். நியாயமான பேச்சு, வேண்டாம் என்பவருக்கு விலையைக் கழித்துக்கொடுக்கலாமே. கொடுக்கும் பலகையில், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறைப்படி, இடப்பக்கம் உயிரும் வலப்பக்கம் மெய்யுமாக எழுத்துகளை அச்சிட்டே தரலாம்.

- வாசகர், சிங்கப்பெருமாள் கோயில்