இரண்டு கிலோமீற்றர் மகாவலி

கண்டல் காடுகளை மீட்கும் இலங்கையின் முயற்சியை உலகின் முன்னோடித் திட்டங்களில் ஒன்றென ஐக்கிய நாடுகள் சபை 2024 பெப்ரவரியில் அங்கீகரித்தது முதல், 2030ஆம் ஆண்டுக்குள் 10,000 ஹெக்டேயர் என்னும் இலக்கைக் காட்டி, கரையோர அபிவிருத்திக்கும் ஈரநிலப் பாதுகாப்புக்கும் இடையே இனி விரோதமே இல்லை என்று மேடைதோறும் நிகழும் பிரசங்கம், கடலைக் காணாத கண்டியில் இருப்பவனுக்கும் சலிப்பூட்டுகிறது.

2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னரும் இதே உற்சாகந்தான் இருந்தது. ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 23 இடங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்றே. முருங்கைக்காய் போல் நீண்ட நாற்றை, நீர் எந்த மட்டம் வரை ஏறி இறங்கும் என்று பாராமல் சேற்றில் குத்திவிட்டுப் போனால், எஞ்சியதை மாடு மேயாமல் வேறென்ன செய்யும்?

நீரையும் வண்டலையும் மறந்த இந்த அலட்சியத்துக்குச் சட்டமே ஆதாரமாக இருப்பதுதான் விசேஷம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துக்குக் கரையோரம் என்பது நிலப்பக்கம் 300 மீற்றர். ஆறாயின் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர். மகாவலியின் நீளமோ 335 கிலோமீற்றர். மிகுதி 333 கிலோமீற்றரும், பேராதனைப் பாலத்தின் கீழே மாரியில் செம்மண் கரைந்து பாயும் வெள்ளமும், கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு நகரத்தின் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு ஆற்றில் கலக்கும் மெத எலயும், ஆறு கடலில் கலக்கும் கொட்டியாரக்குடாவுக்குச் சம்பந்தமற்றவை என்பதே அச்சட்டத்தின் சித்தாந்தம்! பொல்கொல்ல அணை 1976 முதல் ஆற்றின் ஒரு பகுதியைத் திசைதிருப்ப, விக்டோரியாவும் ரந்தெனிகலவும் வண்டலை வழிமறிக்க, மிஞ்சிய மணலை லொறிகள் அள்ளிச் செல்ல, வெள்ளத்தை நம்பி வாழும் கீழ்மகாவலியின் வில்லுகள் எனப்படும் ஈரநிலங்களும் கழிமுகக் கண்டல்களும் எதை உண்டு பிழைக்கும் என்று கேட்பார் இல்லை.

மின்சாரமும் நெல்லும் வேண்டாமா என்பார் சிலர். ஹோட்டல் வந்தால் உத்தியோகம் வரும் என்பார் வேறு சிலர். இவர்களுக்குச் சமாதானம் எழுதிக் காகிதத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. இவர்களில் எவரும் ஆற்றைத் தலை முதல் கால் வரை ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

ஆகவே, கரையில் எதைக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொழும்பிலிருந்து பறித்து, மகாவலிப் படுகை முழுவதையும் கரையோர வலயமெனப் பிரகடனம் செய்து, அதன் காரியாலயத்தைக் கட்டம்பேயில் ஆற்றங்கரையிலேயே ஸ்தாபிக்க வேண்டும். அது நிகழும் வரை கிழக்குக் கரையில் ஒரு கண்டல் நாற்றுக்கும் பொதுப்பணத்தில் ஒரு சதமேனும் செலவிடலாகாது.