பல் கம்பிக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டுமா?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பல்லுக்குக் கம்பி போடும் வயதில் வீட்டில் பிள்ளை இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகள் போன் செய்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகளுக்கு முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன என்று கம்பி போடப் போகிறார்கள். "பெரியப்பா, சாதாரணக் கம்பியா, செல்ஃப் லைகேட்டிங்கான்னு கிளினிக்ல கேக்குறாங்க. ரெண்டாவதுக்கு 25,000 ரூபாய் கூடுதல். ஆனா ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுமாம், வலியும் இருக்காதாம்" என்றாள். நானும் யோசிக்காமல், "பிள்ளை விஷயத்துல பணம் பாக்காதம்மா" என்று சொல்லிவிட்டேன். "சரி பெரியப்பா, சங்கிலிய வச்சிடறேன்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். காரணம் சொல்லாமல் விடையை மட்டும் எழுதிய பையனுக்கு என்றைக்காவது முழு மார்க் போட்டிருக்கிறேனா? பல் சீரமைப்பு மருத்துவராக இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் பேசினேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

நாம் எல்லாவற்றையும் மொத்தமாகக் 'கிளிப்' என்கிறோம். உண்மையில் அதில் முக்கியமானவை இரண்டு. பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு பிராக்கெட். அதன் நடுவில் உள்ள காடி வழியாக ஓடுவது கம்பி. பல்லை நகர்த்துகிற விசை கம்பியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கம்பி காடியை விட்டு வெளியே வராமல் பிடித்து வைப்பது எது என்பதில்தான் இந்த வகைகள் எல்லாம்.

முதல் வகை, மெல்லிய ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுவது. பழைய முறை. நேரம் பிடிக்கும். முறுக்கின நுனி சரியாக மடங்காவிட்டால் கன்னத்தைக் குத்தும். ஆனால் பிடி தளராது. நன்றாகத் திரும்பிப்போன பல்லில் கம்பியைக் காடிக்குள் முழுக்க அழுத்தி உட்கார வைக்க இன்றைக்கும் இதைத்தான் நாடுகிறார்கள்.

இரண்டாவது, கலர் கலராக மாட்டுகிற குட்டி வளையம். ரப்பர் என்கிறோம், உண்மையில் பாலியூரிதேன். சட்டென்று மாட்டலாம், குத்தாது, பிள்ளைகளுக்குக் கலர் பிடிக்கும். குறை என்னவென்றால், மாட்டிய முதல் நாளிலேயே இறுக்கம் நிறையக் குறைந்துவிடும். அதனால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளை வளையம் கேட்காதீர்கள். நம் வீட்டுச் சாம்பார் மஞ்சளுக்கு ரெண்டே நாளில் நிறம் மாறிவிடும்.

மூன்றாவதுதான் இந்த செல்ஃப் லைகேட்டிங். பிராக்கெட்டிலேயே ஒரு குட்டிக் கதவு இருக்கும். மூடினால் கம்பி உள்ளே நிற்கும். தனியாகக் கட்ட வேண்டியதில்லை. புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்வார்கள். 1935-லேயே அமெரிக்காவில் இந்த யோசனையில் பிராக்கெட் வந்துவிட்டது. 1990-களுக்குப் பிறகுதான் பெரிய அளவில் விற்பனைக்குப் பரவியது.

"கட்டு இல்லை, உராய்வு குறைவு, அதனால் பல் வேகமாக நகரும்" என்பது அவர்கள் வாதம். ஆய்வகத்தில் மெல்லிய கம்பியை இழுத்துப் பார்த்தால் உராய்வு குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்குள் கதை வேறு. நம் ஸ்டாஃப் ரூம் மேசை டிராயரை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் சாய்ந்து இறுகிக்கொள்ளும். மரத்தை எவ்வளவு இழைத்திருந்தாலும் அந்த இறுக்கம் வரும். பல்லும் நகரும்போது சாய்கிறது. காடியின் ஓரம் கம்பியைக் கவ்வுகிறது. அதைக் கதவு தடுக்காது. அதோடு, பல் நகர வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மறுபடி வளர வேண்டும். அந்த வேகம் உடம்பின் கையில் இருக்கிறது.

நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள். செல்ஃப் லைகேட்டிங்கால் சிகிச்சைக் காலம் குறைவதாகத் தெளிவான சான்று இல்லை. வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கிடைக்கிற லாபம், ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்காரும் நேரத்தில் சில நிமிடங்கள். அது கூட்டம் அதிகமுள்ள மருத்துவருக்கு நல்ல வசதி. அந்த வசதிக்கு என் தம்பி மகள் ஏன் சங்கிலியை அடகு வைக்க வேண்டும்?

அந்தப் பிராக்கெட் மோசம் என்று நான் சொல்லவில்லை. கையில் பணம் இருக்கிறது, உங்கள் மருத்துவருக்கு அதில்தான் கை பழகியிருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். "சீக்கிரம் முடியும்" என்ற ஒரு வார்த்தைக்காகக் கடன் வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. "எந்தச் சான்றை வைத்து ஆறு மாதம் என்கிறீர்கள்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுநாளே அவளுக்குப் போன் செய்து, "நேத்து பெரியப்பா யோசிக்காம சொல்லிட்டேன்மா" என்று ஒப்புக்கொண்டேன். பேத்திக்குச் சாதாரணக் கம்பிதான் போட்டிருக்கிறது. வளையத்துக்கு அவள் எடுத்த கலர் நீலம். சங்கிலி அவள் அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

எந்த வகை போட்டாலும், சொன்ன தேதிக்குப் போகாவிட்டால் சிகிச்சை இழுக்கும். சாப்பிட்டதும் பிராக்கெட்டைச் சுற்றித் தேய்க்காவிட்டால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். கம்பியைக் கழற்றின பிறகும் அது முழுசாகப் போகாமல் இருந்துவிடலாம். நம் கையில் இருப்பது இந்த இரண்டும்தான். இதற்குக் கூடுதல் கட்டணமும் கிடையாது.

நான் சொன்னதில் பிழை இருந்தால், பல் மருத்துவர்களான என் மாணவர்கள் கீழே திருத்துங்கள். வாத்தியாருக்கும் மார்க் குறைக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்