நடிகன் எடுத்த படங்கள்

'பைசைக்கிள் தீவ்ஸ்' பற்றிப் பேச்சு வந்தால் போதும், "அதில் யாரும் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்கள்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்த விட்டோரியோ டி சிகா, இத்தாலியின் கைதேர்ந்த நடிகர்களில் ஒருவர் என்பது அந்தப் பாராட்டில் காணாமல் போய்விடுகிறது.

1901இல் சோராவில் பிறந்து, நேப்பிள்ஸில் வளர்ந்து, இருபதுகளின் தொடக்கத்தில் நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1932இல் மாரியோ கமெரினியின் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றில் கார் டிரைவராக வந்து ஒரு பாட்டுப் பாடினார், நாடே கிறங்கியது. 1940இல் இயக்குநரானார். எழுத்தாளர் சவத்தினியோடு சேர்ந்த பிறகுதான் 'ஷூஷைன்', 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'உம்பர்ட்டோ டி' எல்லாம் வந்தன.

'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்துக்குப் பணம் போட ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தயாராக இருந்தார். ஆனால் கேரி கிராண்ட்தான் கதாநாயகன் என்றார். டி சிகா மறுத்துவிட்டு, லம்பெர்ட்டோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் தானே நடித்துக் காட்டுவார். பார்வை எங்கே போக வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும் என்பது வரை.

'உம்பர்ட்டோ டி'யில் (1952) ஒரு காட்சி. ஓய்வூதியம் போதாத கிழவர், ரோம் நகரத் தெருவோரம் நின்று முதன்முதலாகப் பிச்சைக்குக் கையை நீட்டிப் பார்க்கிறார். போகிற ஒருவர் நின்று பணத்தை எடுக்கிறார். அந்தக் கணத்தில் கிழவரின் உள்ளங்கை சட்டென்று கவிழ்கிறது. மழைத் தூறல் விழுகிறதா என்று பார்ப்பவர்போல் பாவனை. பிறகு தொப்பியை நாயின் வாயில் கவ்வக் கொடுத்துவிட்டு மறைந்துகொள்கிறார். நடித்தவர் கார்லோ பத்திஸ்தி, ஃப்ளாரன்ஸின் மொழியியல் பேராசிரியர். அந்த ஒரு கை அசைவில் மானமும் பசியும் மோதுவதை, மேடையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரால்தான் யோசிக்க முடியும்.

அந்தப் படம் ஓடவில்லை. நாட்டின் மானத்தை வாங்குகிறார் என்று அரசுத் தரப்பில் ஆந்திரெயொத்தி கண்டித்தார். போதாததற்கு டி சிகாவுக்குச் சூதாட்டப் பித்து. கசினோவில் கரைத்ததற்குக் கணக்கில்லை. கடனை அடைக்க, வந்த வேடமெல்லாம் போட்டார். 1953இல் ஜினா லொல்லோபிரிஜிடாவோடு நடித்த 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்' சக்கைப்போடு போட்டது. அடுத்த ஆண்டு 'கோல்டு ஆஃப் நேப்பிள்ஸ்' படத்தில் தன்னையே கிண்டலடித்துக்கொண்டார். மனைவியிடமிருந்து கைக்காசுகூடக் கிடைக்காத சூதாடிப் பிரபு, வாசல் காவலாளியின் சின்னப் பையனை வலுக்கட்டாயமாகச் சீட்டாட உட்கார வைக்கிறார். பையனுக்கு விளையாட்டில் ஒட்டுதலே இல்லை. ஆனாலும் அவன்தான் ஜெயிக்கிறான். பிரபு கொதிக்கிறார்.

கண்ட கண்ட படங்களில் நடித்துக் காலத்தை வீணடித்தார் என்று விமர்சகர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நடிகராகச் சம்பாதித்ததை இயக்குநராகச் செலவழித்தார். பணத்தை மட்டுமல்ல, தொழிலையும்தான். 'டூ விமன்' படத்தில் சோஃபியா லோரனுக்கு ஆஸ்கர் கிடைத்ததும், பல ஆண்டுகள் கழித்து 'த கார்டன் ஆஃப் த ஃபின்ஸி கொன்டினிஸ்' (1970) ஆஸ்கர் வாங்கியதும் அந்த முதலீட்டின் வட்டி.

அந்தப் படங்களைத் தாங்கியது டி சிகாவின் நடிப்புத் தொழில்தான் என்பதற்கு மஜ்ஜொரானியின் கதை சாட்சி. உலகமே அவர் முகத்தைக் கொண்டாடியது. ஆனால் ஆலை வேலை போய், சினிமாவை நம்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தவை துக்கடா வேடங்கள்தாம். வாழ்ந்து காட்டினாலே போதும் என்றால் அவர் பெரிய நட்சத்திரமாகி இருக்க வேண்டாமா? அந்த முகத்துக்குப் பின்னால் நின்று நடித்தவர் டி சிகா.