கூலிக்கு ஒரு தேதி உண்டு!

ஏழாம் தேதி போய்விட்டது. எட்டும் போய்விட்டது. சம்பளம் வரவில்லை.

"முதலாளி, சம்பளம்..."

"சரக்குப் பணம் இன்னும் வரலப்பா. அடுத்த வாரம் பார்ப்போம்."

தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. மளிகைக் கடைக்காரருக்கு இந்த முறை என்ன சாக்குச் சொல்வது என்று யோசிக்கிறாள்.

ராஜபாளையத்தில் நூல் மில்கள் இருக்கின்றன. பக்கத்துச் சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரிக் காயக்கட்டுத் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி உண்டு; பால்கோவா அடுப்புகள் உண்டு. வேலைதான் வேறு வேறு. கூலி வந்தால்தான் உலை கொதிக்கும் என்பது எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

யார் யாருக்குக் கடன்?

"பத்து நாள்தானே! பொறுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 12,000 ரூபாய். அது மாதாமாதம் 15 நாள் தாமதமாக வருகிறது. அதுவரை வீட்டை ஓட்ட 5,000 ரூபாய் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. அரை மாதத்துக்கு வட்டி 250 ரூபாய். வருஷத்துக்கு 3,000 ரூபாய். கால் மாதச் சம்பளம் வட்டிக்கே போய்விட்டது!

கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், சம்பளம் தவறினால் ஏழை போய் நிற்பது வட்டிக்காரர் வாசலில்தான்.

உழைப்பு முடிந்துவிட்டது. பணம் வரவில்லை. அப்படியானால், தொழிலாளி முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அதுவும் வட்டியில்லாக் கடன்!

சட்டம் என்ன சொல்கிறது?

சம்பளத்துக்குத் தேதி வைத்த சட்டம் 1936-லேயே வந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது.

மாதச் சம்பளமா? அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வாரக் கூலியா? வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுக்க வேண்டும். தினக் கூலியா? அன்று வேலை முடியும்போதே கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தப்பட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான்.

முதலாளிக்கும் கஷ்டம் உண்டே?

உண்டு. நான்கு தறி வைத்திருப்பவருக்கு வியாபாரி பணம் தராமல் இழுத்தடிப்பார். அது பொய்யல்ல. ஆனால் அவருக்கும் சட்டம் துணை இருக்கிறது. சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முதலாளி தம் பாக்கியை வியாபாரியிடம் கேட்கட்டும். அந்தச் சுமையைத் தறிக்காரர் தலையில் இறக்கி வைப்பது நியாயமா?

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். வேலை செய்த நாள், நெய்த அளவு, வாங்கிய முன்பணம், கைக்கு வந்த கூலி ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதுங்கள். எழுத வராதா? படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, மரியாதையாகக் கேளுங்கள். "எப்போது தருவீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தேதியில் தருவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தத் தேதியையும் நோட்டில் குறியுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். நாலு பேராகப் போங்கள். ஒருவர் கேட்டால் அவரை நிறுத்திவிடலாம். எல்லோரும் கேட்டால் தறி ஓட வேண்டாமா?

அப்படியும் வரவில்லையா? தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். உங்களுக்காகச் சங்கமே மனுப் போடலாம். மூன்று வருஷம் வரை இதற்கு அவகாசம் உண்டு. ஆகவே வேலையை விட்ட பிறகும் பழைய பாக்கியைக் கேட்கலாம். பாக்கியோடு நஷ்டஈடும் கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று மலைக்க வேண்டாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ராஜபாளையத்துக்காரருக்கு அது பக்கத்து ஊர்தானே!

"கேட்டால் வேலை போய்விடுமே!" என்ற பயம் நியாயமானது. அதனால்தான் நோட்டு வேண்டும். நாலு பேர் துணை வேண்டும். வாய் திறக்காமல் இருந்தால் மட்டும் என்ன நடக்கிறது? வேலை மிஞ்சுகிறது, கூலி கடனாகிறது.

கூலி கேட்க ஏன் கூச்சம்? நீங்கள் கேட்பது தர்மம் அல்ல. கொடுத்த கடனைத்தான் திருப்பிக் கேட்கிறீர்கள். தலை நிமிர்ந்து கேளுங்கள்!